வண்டி நாக்பூரில்... டாக்டர் தமிழ்நாட்டில்! லாரி டிரைவர்களுக்கு போன் வழி சிகிச்சை கைகொடுக்குமா?

நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்புகிறது ஒரு லாரி. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என தேசிய நெடுஞ்சாலை 44-லேயே 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். நான்காவது நாள் நாக்பூரைத் தாண்டும்போது டிரைவருக்கு தலை கிறுகிறுக்கிறது. கை மதமதப்பாக இருக்கிறது. சுகர் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. ரோட்டோரம் ஒரு மருந்துக்கடை தெரிகிறது. அங்கே போய் இந்தியில் என்ன சொல்வது? "மதமதன்னு இருக்கு" என்பதற்கு இந்தியில் என்ன வார்த்தை?

ஏதோ சைகை காட்டி, கடைக்காரர் கொடுத்த நாலு மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுதான் பலருக்கும் பழக்கம். நெடுந்தூர வண்டி ஓட்டும் யாரிடம் கேட்டாலும் இது புதுக்கதை இல்லை.

ஆனால் இதே டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, போனில் தமிழ் பேசும் ஒரு டாக்டரைப் பார்த்து, சட்டப்படி செல்லும் மருந்துச்சீட்டை வாங்க முடியும். அதுவும் இலவசமாகவே. எப்படி? எதற்கெல்லாம் இது உதவும்? எந்த நேரத்தில் போனை நம்பி உட்காரக்கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

டிரைவர்களுக்கு மட்டும் என்ன தனிச்சிக்கல்?

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. நேரம் தவறிய சாப்பாடு. அடிக்கடி இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது. தூக்கத்தை விரட்ட டீ, பீடி, புகையிலை. இதெல்லாம் சேர்ந்து கொண்டுவருவதுதான் பி.பி., சுகர், உடல் பருமன், முதுகுவலி, சிறுநீரகக் கல், நெஞ்செரிச்சல்.

1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நிஜத்தில் நடப்பது வேறு. சேவ்லைஃப் பவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், லாரி டிரைவர்கள் நாளொன்றுக்கு சராசரியாக சுமார் 12 மணி நேரம் ஓட்டுவதும், ஏறக்குறைய பாதிப் பேர் தூக்கக் கலக்கத்திலும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவதும் தெரியவந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பி.பி., சுகர் உள்ளவர்களின் வீட்டுக்கே மருந்து வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மருந்து வீடு தேடி வரும் நேரத்தில் டிரைவர் வீட்டில் இருப்பதில்லை. லாரி, டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி என எதில் போனாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளிமாநிலம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாலும், அவ்வளவு பெரிய வண்டியை ஊருக்குள் கொண்டுபோக முடியாது. ரோட்டோரம் விட்டுப் போனால் டீசல், பேட்டரி, தார்ப்பாய், லோடு எல்லாவற்றுக்கும் பயம். லோடு இறக்கத் தாமதமானால் ஓனருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் "ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்ட நோய்தான் ஒருநாள் நடுரோட்டில் மடக்குகிறது.

போனில் டாக்டர் மருந்து எழுதினால் சட்டப்படி செல்லுமா?

செல்லும். 2020 மார்ச் 25-ம் தேதி, கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் டிரைவர்களுக்குப் பயன்படும் முக்கியமான அம்சங்கள் இவை:

- பதிவுபெற்ற டாக்டர் ஒருவர் இந்தியாவின் எந்த மூலையில் இருக்கும் நோயாளிக்கும் ஆலோசனை சொல்லலாம். நோயாளி நாக்பூரில் இருக்க, டாக்டர் சேலத்தில் இருந்தாலும் பிரச்சினை இல்லை.
- வீடியோ, ஆடியோ, மெசேஜ் மூன்றுமே ஏற்கப்பட்ட வழிகள். எது போதும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.
- டாக்டர் கையெழுத்திட்ட சீட்டின் போட்டோவை வாட்ஸ்அப் போன்ற செயலியிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம்.
- டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் நோயாளிக்குத் தெரிய வேண்டும். மருந்துச்சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.
- செயற்கை நுண்ணறிவு செயலி எதுவும் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. டாக்டருக்கு உதவி செய்யலாம், அவ்வளவுதான்.

எந்த மாத்திரை கிடைக்கும்? எது கிடைக்காது?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். போனில் கேட்டால் எல்லா மருந்தையும் எழுதித் தர மாட்டார்கள். மருந்துகளை நெறிமுறைகள் சில பட்டியல்களாகப் பிரித்திருக்கின்றன.

முதல் வகை, பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்ற சாதாரண மருந்துகள். இவற்றை ஆடியோ, மெசேஜ் என எந்த வழியில் பேசினாலும் டாக்டர் சொல்லலாம்.

இரண்டாவது வகை, ஓரளவு பாதுகாப்பான, தவறாகப் பயன்பட வாய்ப்பு குறைவான மருந்துகள். முதல்முறை பேசும்போதே இவற்றை எழுத வேண்டுமென்றால் வீடியோவில் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் பி.பி., சுகர், ஆஸ்துமா மருந்துகளைத் தொடர்ந்து எழுதித் தருவதும் இந்த வகையில் வரும். டிரைவர்களுக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான்.

மூன்றாவது வகை, நேரில் காட்டிய அதே நோய்க்குக் கூடுதலாகச் சேர்க்கும் மருந்துகள். அதே நோய்க்கு டாக்டரை 6 மாதத்துக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி வகைக்கு அனுமதியே கிடையாது. போதை மருந்துத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் மருந்துகளையும், அட்டவணை 'எக்ஸ்' மருந்துகளையும் போனில் எழுதக்கூடாது. "தூக்கம் வராம இருக்க ஏதாவது குடுங்க" என்று கேட்டால் டாக்டர் மறுப்பார். அப்படி ஒரு மாத்திரையை ரோட்டோரக் கடையில் யாராவது சீட்டில்லாமல் நீட்டினால், அதை வாங்காமல் இருப்பதுதான் உயிருக்குப் பாதுகாப்பு.

இ-சஞ்சீவனியில் பேசுவது எப்படி?

மத்திய சுகாதாரத் துறையின் இலவச தொலைமருத்துவ சேவைதான் இ-சஞ்சீவனி. சி-டாக் நிறுவனத்தின் மொகாலி மையம் உருவாக்கியது. 2020 ஏப்ரல் முதல் நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரடியாக டாக்டரிடம் பேசும் வசதி வந்தது. 2023 பிப்ரவரியிலேயே 10 கோடி ஆலோசனைகளைக் கடந்துவிட்டது. அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

செய்ய வேண்டியது இதுதான்:

1. இ-சஞ்சீவனி செயலியை அல்லது இணையதளத்தைத் திறந்து, மொபைல் எண்ணைப் போட்டு, வரும் ஓ.டி.பி. மூலம் உள்ளே நுழைய வேண்டும்.
2. பெயர், வயது, என்ன தொந்தரவு என்பதைப் பதிவுசெய்து, பழைய மருந்துச்சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் போட்டோ எடுத்து சேர்க்கலாம்.
3. வரிசை வந்ததும் டாக்டர் வீடியோவில் வருவார்.
4. பேசி முடித்ததும் மருந்துச்சீட்டு போனுக்கே வந்துவிடும். அதைக் காட்டி மருந்து வாங்கிக்கொள்ளலாம். மக்கள் மருந்தகம் பக்கத்தில் இருந்தால் செலவும் குறையும்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் டாக்டர்கள் இருக்கும் நேரம் வேறுபடும். அதனால் ஊரில் இருக்கும்போதே ஒருமுறை செயலியில் பதிவுசெய்து, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நடுரோட்டில் தலை சுற்றும்போது ஓ.டி.பி.க்காகக் காத்திருப்பது கஷ்டம்.

கூடவே 14 இலக்க 'ஆபா' எண்ணும் எடுத்து வைக்கலாம். மருத்துவ ஆவணங்களை டிஜிட்டலாக ஓரிடத்தில் சேர்க்க உதவும் எண் அது. அதெல்லாம் வேண்டாம் என்றால், ஊரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே "வெளியூரில் இருக்கும்போது போனில் பேசலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோயை முன்பே தெரிந்த டாக்டர் போனில் சொல்லும் ஆலோசனைக்கு மதிப்பு அதிகம்.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது என்ன?

"நான் லாரி டிரைவர். இன்னைக்கு ராத்திரியும் வண்டி ஓட்டணும்."

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது. சளி, அரிப்பு, அலர்ஜிக்குத் தரப்படும் பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். சில வலி மாத்திரைகளும், தசைப்பிடிப்பு மாத்திரைகளும், இருமல் மருந்துகளும் அப்படித்தான். வீட்டில் இருப்பவருக்கு அது நல்ல தூக்கம். 40 டன் வண்டியை ஓட்டுபவருக்கு அது விபத்து. நீங்கள் டிரைவர் என்று தெரிந்தால் டாக்டர் மாற்று மருந்து தருவார், அல்லது எத்தனை மணி நேரம் ஓட்டக்கூடாது என்று சொல்வார்.

சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இன்சுலினும், கிளிபென்கிளமைடு போன்ற சில மாத்திரைகளும், சாப்பாடு தள்ளிப்போனால் சுகரை திடீரென்று இறக்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல், குழப்பம் வந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரை அல்லது ஒரு டம்ளர் இனிப்பு ஜூஸ் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சுகரைப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் சர்க்கரை. சரியாகிவிட்டது என்று உடனே கிளம்பவும் கூடாது. மூளை முழுதாகத் தெளிய நேரம் ஆகும். பிரிட்டனில் சுகர் சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருந்துதான் வண்டி எடுக்கச் சொல்கிறார்கள்.

கேபினில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

போனில் பேசும் டாக்டரால் உங்கள் நாடியைத் தொட்டுப் பார்க்க முடியாது. அந்தக் குறையை கொஞ்சம் ஈடுகட்டுவது கேபினில் இருக்கும் சின்னச்சின்ன கருவிகள்தான்.

- கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. கருவி. 5 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். டீ, பீடி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.
- சுகர் உள்ளவர்கள் குளுக்கோமீட்டரும் ஸ்டிரிப்பும்.
- ஒரு தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வழக்கமான மாத்திரைகள். டிரிப் 10 நாள் என்றால் 15 நாளுக்கு மாத்திரை எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.
- என்ன நோய், என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது, வீட்டு போன் நம்பர் எழுதிய ஒரு சின்ன அட்டை. நீங்கள் மயங்கிவிட்டால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த அட்டைதான்.

மாத்திரைகளை டேஷ்போர்டில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் கேபின் அடுப்பு மாதிரி. குறிப்பாக இன்சுலின் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். மண்பானைத் தண்ணீரில் வைக்கிற மாதிரி ஈரத்துணி சுற்றிய டப்பாவோ, குளிர்ப்பையோ வைத்துக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். ஆனால் ரோட்டில் ஓடும் பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது.

எப்போது போனில் பேசிக்கொண்டிருக்கக் கூடாது?

இந்தப் பகுதியை மட்டுமாவது கிளீனரிடமும் வீட்டிலும் படித்துக் காட்டுங்கள். கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் தொலைமருத்துவம் வேண்டாம். ஆம்புலன்ஸ்தான் வேண்டும்.

- நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, கூடவே வியர்வை. "கேஸ் தொந்தரவாத்தான் இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுக் கிளம்புவதுதான் பெரிய தப்பு.
- முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- பி.பி. 180/120-க்கு மேல் இருந்து, கூடவே கடும் தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் அல்லது பார்வை மங்கல்.
- நீண்ட நேரம் ஓட்டிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, அதோடு மூச்சு வாங்குவது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.
- கடும் வெயிலில் உடல் கொதித்து, பேச்சில் குழப்பம், மயக்கம்.

முதல் உதாரணத்தில் பார்த்த டிரைவருக்கு வருவோம். தலை கிறுகிறுப்பு, கை மதமதப்பு. இரண்டு கையும் நாள்பட மதமதப்பாக இருந்தால் அது சுகரால் நரம்பு பாதித்த அறிகுறியாக இருக்கலாம். போனில் பேசி அடுத்த கட்டத்தை முடிவுசெய்யலாம். ஆனால் ஒரே ஒரு கை மட்டும் திடீரென்று மரத்துப்போனால், அது பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். வார்த்தை ஒன்றுதான், ஆபத்து வேறு. உங்கள் மொழியில் கேட்டுப் பிரித்துப் பார்க்க ஒரு டாக்டர் கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே புரியும்.

எந்த எண்ணை அழைப்பது? தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033. நெடுஞ்சாலை ஆணையத்தின் இந்த எண் 24 மணி நேரமும் இயங்கும். எந்த மாநிலத்திலும் அவசரத்துக்கு 112. ஆம்புலன்ஸுக்கு 108. இடம் தெரியாவிட்டால் ரோட்டோரம் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னாலே போதும்.

விபத்து என்றால், 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டப்படி 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு, எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது.

மனசு சரியில்லை என்றால்?

தனிமை, தூக்கமின்மை, கடன், குழந்தை பிறந்த அன்றுகூட வீட்டில் இருக்க முடியாத வருத்தம். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாம் என்றே பல டிரைவர்களுக்குத் தோன்றுவதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இதற்கு ஸ்மார்ட்போன்கூட வேண்டாம், பட்டன் போன் போதும்.

கடலில் எப்போதோ வந்தது... ரோட்டில் ஏன் தாமதம்?

ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தூரத்தில் இருந்து சிகிச்சை சொல்வது புது யோசனை இல்லை. கப்பல் மாலுமிகளுக்கு ரேடியோ வழியாக மருத்துவ ஆலோசனை சொல்ல இத்தாலியின் ரோம் நகரில் 1935-லேயே ஒரு மையம் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பறக்கும் டாக்டர் சேவை, 1942 முதல் தொலைதூரப் பண்ணைகளுக்கு எண் போட்ட மருந்துப் பெட்டிகளைக் கொடுத்து வருகிறது. டாக்டர் ரேடியோவில் எண்ணைச் சொன்னால், அங்கே இருப்பவர் அந்த மருந்தை எடுத்துக் கொடுப்பார். மருந்தின் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கப்பலுக்கு மருந்துப் பெட்டியும் டாக்டரின் தொடர்பும் இருக்க வேண்டும் என்று உலகமே ஏற்றுக்கொண்டது. லாரியில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

இன்னும் என்ன தேவை?

தொலைமருத்துவத்தால் எல்லாம் தீர்ந்துவிடாது. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., கண் பரிசோதனைக்கு நேரில்தான் போக வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் வீடியோ வராது. இரவு 2 மணிக்கு எல்லா சேவையிலும் டாக்டர் இருக்க மாட்டார். வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்த இடம் இல்லை என்றால், இலவச டாக்டர் இருந்தும் பயனில்லை.

லைசென்ஸும் ஒரு காரணம். கனரக வாகன லைசென்ஸைப் புதுப்பிக்க படிவம் 1-ஏ மருத்துவச் சான்று வேண்டும். சுகர், பி.பி. இருப்பது தெரிந்தால் பிழைப்பு போய்விடுமோ என்ற பயத்திலேயே பலரும் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள். ஆனால் கட்டுக்குள் இருக்கும் நோயைவிட, என்னவென்றே தெரியாமல் மறைந்திருக்கும் நோய்தான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆபத்தானது.

ஓனர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒரு டயரின் விலையில் சின்ன பங்குதான் பி.பி. கருவிக்கு ஆகும். டிரைவர் "உடம்பு சரியில்ல, ரெண்டு மணி நேரம் நிறுத்துறேன்" என்று சொன்னால், "லோடு என்னாச்சு?" என்பதற்கு முன் "டாக்டர்கிட்ட பேசினியாப்பா?" என்று கேட்டால் போதும்.

வீட்டில் இருப்பவர்களும் தினமும் போனில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். இனி கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?"